கூடுதல் எடை: இல்லை

இன்ஜின் இல்லாத விமானத்தில் ஏறி மலை ஓரமாகச் சுற்றுவதற்கென்று ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு. வருஷத்துக்கு ஒரு விருந்து உண்டு. விமானம் மட்டும் ஒன்றே ஒன்று. அதுவும் வெளிநாட்டில் யாரோ ஆண்டு அனுபவித்துவிட்டுத் தள்ளிவிட்டது. கிளைடர் என்று அதற்குப் பெயர். அந்த ஒன்றையும் தரையிறக்கும்போது எதிலோ இடித்து, வாலுக்குக் கொஞ்சம் முன்னால் விரிசல் விட வைத்தார்கள். விரிசலைச் சரிசெய்ய அதைக் காசிமேட்டில் மீன்பிடிப் படகு செய்கிற எங்கள் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது.

இதற்கென்று இருக்கிற பட்டறை வேறு மாநிலத்தில் இருந்ததாம். அங்கே கொடுத்தால் நாலு மாதம் ஆகுமாம். அதற்குள் மலையில் காற்றுக் காலம் முடிந்துவிடுமாம். சங்கத் தலைவர் ஒரு பெரிய தொழிற்சாலையில் மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காத்திருப்பது மற்றவர்கள் செய்யும் வேலை என்றே வாழ்ந்து பழகியவர். எங்கள் முதலாளி அந்தக் காலத்தில் அவர் அறை வாசலில் காத்திருந்து பழகியவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் ஃபைபர் சாமான் கடை வைத்து, பிறகு படகுப் பட்டறையும் போட்டவர். தலைவர் போனில் கேட்டதும், "அதுக்கென்ன சார், படகும் ஃபைபர், பிளேனும் ஃபைபர். நம்ம பயலுவ பாத்துக்கிடுவானுவ" என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகும் எழுந்து நின்றபடிதான் இருந்தார்.

அந்தப் பட்டறையில் நான்தான் ஆபீஸ். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். இங்கிலீஷ் லெட்டர் வந்தால் முதலாளி என்னிடம்தான் நீட்டுவார். என் வீட்டுக்காரர் அதே பட்டறையில் ஃபைபர் போடுகிறவர். முகத்துவாரக்குப்பத்துக்காரர். பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். நாங்கள் அங்கேயே பழகி, அங்கேயே தீர்மானம் செய்து கட்டிக்கொண்டோம். கைநாட்டுக்காரனைக் கட்டிக்கொள்ளவா பெண் படித்தாள் என்று என் வீட்டில் ஒரு வருஷம் பேசவில்லை. நான் அதையெல்லாம் கால் தூசிக்கு மதிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளைடர் வந்த அன்று மீன்பிடித் துறைமுகத்தில் பாதி வேலை நின்றது. இறக்கைகளைக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் ஒரு நீள வண்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "இன்னாடி இது, ரெக்க பிச்ச தும்பி மாரி கீது" என்றாள். பின்னாலேயே காரில் தலைவர் வந்தார். அவர் தொப்பை முதலில் இறங்கியது, பிறகு அவர் இறங்கினார். கூடவே ஓர் இளைஞன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். குச்சி போல் ஒல்லி. அவன்தான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் கெட்டிக்காரன் என்றார்கள். கெட்டிக்காரன் பட்டறைக்குள் கால் வைத்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தினான், போகிறவரை எடுக்கவில்லை. ஃபைபருக்குப் பூசுகிற ரெசின் பசையின் நாற்றம் பழகாதவனுக்குத் தலையைச் சுற்றும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு அவனைப் பிடிக்காமல் போக அந்தக் கைக்குட்டையே போதுமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் விரிசலைத் தடவிப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்டார். பிறகு தலைவரிடம், "இன்ஜினே இல்லாம எப்டி சார் மேல நிக்கும்?" என்றார்.

தலைவர் சிரித்தார். "காத்துப்பா. காத்து மலையில மோதி மேல ஏறும். அந்தக் காத்துல நாங்க ஏறி உக்காந்துப்போம். உனக்குச் சொன்னாப் புரியாது."

"புரியுது சார். அலை கல்லுல அட்ச்சா மேல எயும்புதே, அத்த மாரி."

தலைவர் அந்த இளைஞனிடம் திரும்பி, பரவாயில்லையே, உள்ளே கொஞ்சம் சரக்கு இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் தன்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தினி லேயர் போடணும் சார்?"

"அதெல்லாம் உன் வேலைப்பா. ஸ்ட்ராங்கா இருக்கணும். திரும்ப உடையக் கூடாது. அவ்வளவுதான்."

அவர் இப்படிச் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். பின்னால், தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று அவர் சொன்னதையும் அதே காதால்தான் கேட்டேன்.

படகு வேலையில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடைந்து வருகிற படகை, உடைந்த இடத்தில் பழையபடி ஆக்கிக் கொடுத்தால் போதாது. அந்த இடத்தில் மட்டும் ஒரு லேயர் கூடப் போட வேண்டும். மேட் என்கிற கண்ணாடி இழை விரிப்பை வெட்டிப் போட்டு, ரெசின் பூசி, உருளையால் தேய்த்து அழுத்துவது ஒரு லேயர். கூடப் போடுவதை யாரும் கேட்பதில்லை, பில்லிலும் வராது. ஆனால் படகை எடுக்க வருகிறவன் முதலில் செய்வது அந்த இடத்தில் தட்டிப் பார்ப்பதுதான். சத்தம் தடிப்பாக வந்தால் பேசாமல் எடுத்துப் போவான். லேசாக வந்தால் மூன்று தலைமுறையை இழுத்துத் திட்டுவான். கூடப் போடுவது இவர்களுக்கு மரியாதை. உன் உயிர் மேல் எனக்கு அக்கறை இருக்கிறது என்று சொல்கிற முறை அது.

கிளைடரின் வாலுக்கு என் வீட்டுக்காரர் இரண்டு லேயர் கூடப் போட்டார்.

"கடல்ல வுயுந்தா நீந்தியாவது வரலாம். ஆகாசத்துலேர்ந்து வுயுந்தா இன்னா பண்ணுவான்? அதான் ரெண்டு" என்றார். வேலை நடந்த மூன்று நாளும் சாப்பாட்டுக்குக்கூட வெளியே வரவில்லை. தேய்த்துத் தேய்த்து, எங்கே உடைந்திருந்தது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிட்டார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் வந்து தட்டிப் பார்த்தார்கள். நானும் தட்டினேன். கல் மாதிரி இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த இளைஞன் கைக்குட்டையோடு வந்து, ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை என் மேஜையில் வைத்தான். பழுதுபார்த்த சான்று. என்ன பழுது, என்ன சாமான், எந்தத் தேதி என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'கூடுதல் எடை' என்று இருந்தது. மற்றதெல்லாம் எனக்குத் தெரியும், எழுதினேன். இந்தக் கட்டத்துக்கு வந்தபோது என் கை ஒரு வினாடிகூட நிற்கவில்லை.

அதற்குக் காரணம் முதலாளி போட்ட பழக்கம் என்று வெகு நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் எந்தத் தாளிலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விடச் சம்மதிக்க மாட்டார். "காலியா விட்டா நாளைக்கு எவனாச்சும் எதையாச்சும் எழுதிப்புடுவான். 'இல்லை'னு எழுதிருமா" என்பார். டெலிவரி நோட்டில், ரசீதில், பெர்மிட்டில் என்று ஆயிரம் கட்டங்களில் அப்படி எழுதியிருக்கிறேன். இதிலும் எழுதினேன். கூடுதல் எடை: இல்லை. இங்கிலீஷில், சாய்ந்த கையெழுத்தில், அழகாக. சீல் வைத்தேன். முதலாளி பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். என் வீட்டுக்காரர் பத்தடி தள்ளிக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். இளைஞன் தாளை மடித்துப் பைக்குள் வைத்து, தேங்க்ஸ் என்றான்.

மேற்கே மலையடிவாரத்தில் அவர்களுக்கு ஓர் ஓடுதளம் இருந்தது. கம்பியில் கட்டிச் சரசரவென்று இழுத்து, பட்டம் மாதிரி மேலே ஏற்றிவிடுவார்களாம். சனிக்கிழமை முதலில் ஏறியது தலைவர். தலைவராயிற்றே. ஏறினார், சுற்றினார், இறங்கினார், பிரமாதம் என்றார். ஓட்டுகிறவர் உட்காருகிற இடம் மூக்குப் பக்கம். அவர் உட்கார்ந்தால் முன்பக்கம் எப்படித் தூக்கும்? வாலில் கூடியிருந்த எடையை அவருடைய தொப்பை அங்கே சரிக்கட்டிவிட்டது. பல வருஷ விருந்துகளில் வளர்த்த அந்தத் தொப்பை அன்று ஒரு நாள் ஓர் உபயோகத்துக்கு வந்தது. அதுவும் தப்பான உபயோகம்.

ஞாயிற்றுக்கிழமை ஒல்லிப் பையன் ஏறினான். மலைச்சரிவை ஒட்டி, காற்று மேலே தூக்குகிற இடத்தில் போய்த் திரும்பினான். மூக்கு மேலே எழும்பிக்கொண்டே இருந்திருக்கிறது. பிடியை முன்னால் தள்ளி அழுத்திப் பார்த்தானாம், இறங்கவில்லையாம். வேகம் குறைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுழன்று சரிவில் விழுந்துவிட்டது. வெட்டவெளியில் உயரத்தில் இருந்திருந்தால் சமாளிக்க நேரம் கிடைத்திருக்கலாம் என்றார்கள். மலையை ஒட்டிப் பறக்கிறவனுக்கு அந்த நேரம் ஏது? முள்ளுக்கும் பாறைக்கும் நடுவில் கிடந்தவனை ஆடு மேய்க்கிறவர்கள் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். இடுப்பும் இரண்டு காலும் நொறுங்கிப்போயிருந்தன. வால் மட்டும் உடையவில்லை.

திங்கட்கிழமை காலை போனை எடுத்தது நான்தான். தலைவர் பேசினார். பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி. சான்று எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று நாலு வரி.

என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றுதான். "பையன் பொயச்சிக்கினானா?" பிழைத்துவிட்டான் என்றதும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். முதலாளி, "போனீன்னா நாமதான் தப்புப் பண்ணுனோம்னு ஆயிரும்டே, பேசாம கெட" என்றார். முதலாளி சொல்லைக்கூட அவர் மீறியிருப்பார். நான் சேர்ந்து தடுத்ததால் போகவில்லை.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வருகிறார் என்று தெரிந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருவர் தலையில்தான் இது வந்து விழும் என்று எனக்கு அந்த வாரம் முழுவதும் நிச்சயமாகத் தெரியும். எடையை ஏற்றியவர் அவர், இல்லை என்று எழுதியவள் நான். கேஸ் போட்டால் யார் மேல் போடுவார்கள் என்று பஸ்ஸில், சமையலில், பம்பில் தண்ணீர் அடிக்கும்போது எல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தாளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் முதலாளி போட்ட பழக்கம் என்று சொல்லிவிடலாம், தைரியமாகச் சொல்வேன், தலைவரின் முகத்துக்கு நேரே சொல்வேன் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். இங்கிலீஷிலேயே பார்த்தேன்.

விசாரணை ஊருக்குள் ஓர் அரசாங்க ஆபீஸில் நடந்தது. தலைவர், முதலாளி, நாங்கள் இருவர். தலைவருக்கும் முதலாளிக்கும் நாற்காலி இருந்தது. அதிகாரி நிதானமான ஆள். மீன்காரி தராசை உதாரணம் காட்டி என் வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கோலின் நுனியில் சின்னக் கல்லை வைத்தாலும் எப்படித் தாழ்கிறதோ, அப்படித்தான் வாலில் ஏறுகிற எடை. எவ்வளவு கூடியது என்று தெரிந்திருந்தால் மூக்குப் பக்கம் ஈயம் வைத்துச் சமன் செய்திருக்கலாம், ஒல்லியானவன் ஏறக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கலாம். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சொல்லையும் தலையாட்டிக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்தது.

அதிகாரி தலைவரிடம், "வேலை முடிந்து வந்ததும் நீங்கள் எடை போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா?" என்றார்.

தலைவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். இந்த மாதிரி ஆட்களிடம் வாய்ப்பேச்சை நம்ப முடியாது, அதனால்தான் எழுத்தில் வாங்கினேன், எழுத்தில் 'இல்லை' என்று இருக்கிறது, அதை நம்பினேன் என்றார். பையன் அவருடைய நண்பரின் மகன். அவனைப் பற்றிப் பேசும்போது கலங்காத குரல், சங்கத்துக்குக் கெட்ட பேர் வந்துவிட்டதே என்னும்போது கலங்கியது. இப்படி ஒரு மனிதனை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதலாளி சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தாளைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். "இந்தக் கட்டத்தை நிரப்பியது யார்?"

என் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம் ஒத்திகை பார்த்த வாய். என் வீட்டுக்காரர் தாளைப் பார்த்தார். அவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அது நன்றாகத் தெரியும்.

"நான்தான் சார் அப்டி எய்தச் சொன்னேன்" என்றார். "அது நான் சொன்னத்த எய்திச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். மைப்பெட்டி வந்தது, அவர் கட்டைவிரலை வைத்தார். நான் சும்மா நின்றேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் எதுவும் வரவில்லை. சங்கத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போனதாம், அத்தோடு சரி. தலைவர் தலைவராகவே இருந்தார். அந்தப் பையன் கைத்தடியோடு நடக்க இரண்டு வருஷம் ஆனது என்று கேள்விப்பட்டேன். முதலாளி அந்த ஆபீஸ் வராந்தாவிலேயே என் வீட்டுக்காரரை, "நாளையிலேர்ந்து வர வேண்டாம்டே" என்றார். என்னை வரச் சொன்னார். லெட்டர் பார்க்க ஆள் வேண்டுமே. நானும் போனேன். சுனாமிக்குப் பிறகு தர்ம ஸ்தாபனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுக்க வந்து, ஃபைபர் போடுகிறவனைத் தெருத் தெருவாகத் தேடுகிற காலம் வரும்வரை, அவர் எண்ணூர்ப் பக்கம் இரும்பில் துரு சுரண்டினார். அந்த இரண்டு வருஷமும் நான் அதே மேஜையில் உட்கார்ந்து கட்டங்களை நிரப்பினேன்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ராயபுரம் தாண்டும்வரை அவர் கட்டைவிரல் மையைச் சட்டை ஓரத்தில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"அந்தக் கட்டத்துல இன்னாமே கேட்டிருந்துது?" என்றார்.

"எவ்ளோ எடை கூடிச்சின்னு."

"நீ இன்னா எய்தின?"

"ஒண்ணும் கூடலன்னு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"ரெண்டேகால் கிலோ" என்றார். "மேட்டு, ரெசினு எல்லாம் எடை போட்டுத்தானே கலக்கறேன். தேச்சி எடுத்த தூளையும் அள்ளி எடை போட்டேன். அது போவ ரெண்டேகால். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கிலோ கணக்கு அவர் தலையில் இருந்திருக்கிறது. அவர் குழாயடியில் நின்றிருந்தார், நான் மேஜையில் இருந்தேன், நடுவில் பத்தடி. தலைவர் ஏன் அவரைக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கைநாட்டுக்காரனுக்கு எடை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தார். முதலாளி போட்ட பழக்கம் என்று நான் சொல்லிக்கொண்டது பொய். நானும் அதையேதான் நினைத்தேன்.